அறிஞர் லாமார்க்

உயிரியல் பாடத்தில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு வந்து, டார்வின் நுழைந்ததும் மறைந்துவிடுகிற பெயர் லாமார்க். அவர் கொள்கை தவறு என்று எழுதினால் நமக்கு மதிப்பெண் கிடைக்கும். அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

1744ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், வட பிரான்சில் பசாந்தேன் என்னும் சிற்றூரில், வசதி குன்றிய பிரபுக் குடும்பத்தில் பதினோராவது பிள்ளையாகப் பிறந்தார். மகன் குருவாக வேண்டுமென விரும்பிய தந்தை, அமியேன் நகரில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் சேர்த்தார். தந்தை இறந்ததும் பையன் ஒரு குதிரையை வாங்கிக்கொண்டு போர்க்களத்திற்குப் போய்விட்டான்! 1761இல் ஜெர்மனியில் நடந்த போரில், அதிகாரிகள் மாண்ட பிறகும், பின்வாங்க உத்தரவு வரவில்லை என்று எஞ்சிய சிலரோடு அசையாமல் நின்றான். அப்போது வயது பதினாறு. அதிகாரிப் பதவியும் கிடைத்தது. பின்னர் ஒரு நண்பன் விளையாட்டாகத் தலையைப் பிடித்துத் தூக்கியதால் கழுத்தில் நோய் கண்டு, படையை விட்டு விலக நேர்ந்தது.

பாரிசில் மருத்துவம் பயின்றபோது அவர் மனம் செடிகொடிகளை நாடியது. பிரெஞ்சு நாட்டுத் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதிப் புகழ் பெற்றார். ஆனால் 1793இல் பாரிஸ் இயற்கை அருங்காட்சியகம் அவருக்கு அளித்தது பூச்சிகளும் புழுக்களும் அடங்கிய துறையை! 49 வயதில் புதிதாகப் படிக்கத் தொடங்கினார். முதுகெலும்பற்றவை என்ற பிரிவையே அவர்தாம் வகுத்தார்.

1809இல் வெளியான நூலில் தம் கொள்கையை விளக்கினார். உயிர்கள் மாறாதவை அல்ல. பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாதது குன்றும். இவ்வாறு ஈட்டிய பண்பு பிள்ளைகளுக்கும் செல்லும் என்றார். அந்நூலை நெப்போலியனிடம் கொடுத்தபோது, மன்னர் அதை வானிலைப் புத்தகமென எண்ணிக் கடிந்துகொள்ள, முதியவர் கண்ணீர் விட்டாராம்.

1880களில் வைஸ்மன் என்ற ஜெர்மானியர், எலிகளின் வாலை ஐந்து தலைமுறைகள் வெட்டிப் பார்த்தார். பிறந்த 901 குட்டிகளுக்கும் வால் இருந்தது. நம் பாட்டிமார் காலந்தொட்டுக் காது குத்துகிறோம். எந்தப் பெண்குழந்தையும் துளையோடு பிறப்பதில்லை. ஆயினும், வெட்டுப்பட்ட வாலும் உழைத்து வளர்ந்த உறுப்பும் ஒன்றாகுமா என்று எனக்குத் தோன்றுகிறது. கொள்கை பிழையென்பது வேறு வழிகளாலும் தெளிவாகிவிட்டது. ஆனால் உயிரினங்கள் மாறுகின்றன என்று டார்வின் பிறந்த ஆண்டிலேயே துணிந்து எழுதினாரே! டார்வினும்கூட ஈட்டிய பண்புகள் ஓரளவு மரபில் செல்லும் என்றே நம்பினார்.

முதுமையில் லாமார்க்கின் பார்வை முற்றிலும் போயிற்று. முதுகெலும்பற்ற விலங்குகள் பற்றிய ஏழு தொகுதி நூல் முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 1822இல் கடைசித் தொகுதி வெளிவந்தது. தந்தை அறையை விட்டு வெளியே வர இயலாமற்போனபின், மூத்த மகளும் வீட்டை விட்டு அகலவில்லை. நெடுநாளுக்குப் பின் வெளியே வந்தபோது அவளால் வெளிக்காற்றையே தாங்க முடியவில்லையாம். பாடநூல்களில் இப்பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை.

1829 டிசம்பர் 18இல் அவர் இறந்தபோது அடக்கச் செலவுக்கும் பணமில்லை. வாடகைக் குழியில் புதைத்தார்கள். பிறகு எலும்புகள் எங்கே போயின என்று தெரியவில்லை. 1909இல் பாரிஸ் தாவரத் தோட்டத்தில் சிலை எழுப்பினர். அதன் பீடத்தில் பார்வையற்ற முதியவர் அமர்ந்திருக்க, மகள் அருகில் நின்று தேற்றுகிறாள்.