ஊரும் பேரும் கேட்டவர்: கர்னல் காலின் மெக்கன்சி

காஞ்சிபுரத்தில் வளரும் பெண் பிள்ளைகளுக்கு வரைபடம் புதிய பொருள் அன்று. பூகோள வகுப்பில் ஆசிரியை சுவரில் படத்தைத் தொங்கவிடும் முன்பே, நம்மில் பலர் வீட்டில் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். சிறு சிறு கட்டங்கள் அச்சிட்ட தாளில், டிசைன் போடுகிறவர் மயிலையும் யாளியையும் கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை இடுவார்கள். சேலை விற்றுப் போய்விடும்; தாள் வீட்டிலேயே தங்கும். இப்போது கணினியில் டிசைன் போடுகிறார்கள் என்றாலும், அந்தப் பழைய தாள்களை டிரங்குப் பெட்டியிலிருந்து எறிய மனம் வராத பெரியவர்கள் பிள்ளையார்பாளையத்தில் இன்றும் உண்டு.

நிலத்தையும் இப்படித் தாளில் எழுதி, எழுதியதை எறிய மனமில்லாமல் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் கூற விரும்புகிறோம். அவர் கர்னல் காலின் மெக்கன்சி. இந்திய நாடு முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாக இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையாளாக வந்தவர் என்பதையும், கம்பெனி வரைபடம் கேட்டது படை நடத்தவும் வரி வாங்கவுமே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் பயனில்லை.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடலுக்குள் லூயிஸ் என்றொரு தீவு இருக்கிறது. அங்குள்ள ஸ்டோர்னோவே என்னும் துறைமுக ஊரில், 1754-ஆம் ஆண்டளவில், ஒரு வணிகரின் மகனாக மெக்கன்சி பிறந்தார். இளமையில் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். கணக்கில் அவருக்கு அளவற்ற ஆர்வம். அக்காலத்தில் நேப்பியர் பிரபு என்பவர், தம் முன்னோரான ஜான் நேப்பியரின் வாழ்க்கையை எழுத விரும்பினார். மேல் வகுப்பு மாணவியருக்கு ஜான் நேப்பியரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தேர்வுக்கு முன்னால் நாம் தேடி அலையும் லாக் புத்தகத்துக்கு மூல காரணர் அவரே. 1614-இல் மடக்கையை உலகுக்கு அளித்தவர். இந்தியர்களுக்குப் பழங்காலத்தில் என்னென்ன கணித முறைகள் தெரிந்திருந்தன என்பதும் அந்த நூலுக்குத் தேவைப்பட்டது. அதைத் தேடும் வேலையில் உதவிய இளைஞருக்கு இந்தியாவின் மீது ஆசை பிறந்தது. நூல் முடியவில்லை; ஆசை மட்டும் நிலைத்தது.

1783-இல் மெக்கன்சி சென்னையில் வந்து இறங்கினார். நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர் அப்போது மணமாகி மதுரையில் வாழ்ந்து வந்தார். அவர் அழைக்க, மெக்கன்சி மதுரைக்குச் சென்று அங்கிருந்த பண்டிதர்களுடன் பழகினார். ஆனால் உடனே நூலாராய்ச்சியில் மூழ்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. காலம் போர்க்காலம். அவர் வருவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1780 செப்டம்பரில், நம் ஊருக்கு வெகு அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் சேர்ந்து கர்னல் பெய்லியின் படையைச் சிதறடித்திருந்தன. அப்போது சில மைல் தொலைவில், இதே காஞ்சிபுரத்தில், பெரும்படையுடன் இருந்த ஜெனரல் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளை இங்கிருந்த குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். சாலையும் தெரியாமல், ஏரிக்கரையும் தெரியாமல், கிடைத்த வழிகாட்டியை நம்பிப் படைகள் நடந்த காலம் அது. நல்ல வரைபடம் ஒன்று அப்போது பீரங்கிக்குச் சமம்.

பொறியாளர் படையில் சேர்ந்த மெக்கன்சி அடுத்த பதினாறு ஆண்டுகளைப் பெரும்பாலும் போர்முனைகளிலும் அளவைப் பணியிலும் கழித்தார். மூன்றாம் மைசூர்ப் போர், புதுச்சேரி முற்றுகை, நிஜாமின் நாட்டில் நில அளவை, இலங்கைப் படையெடுப்பு, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம். பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். நமக்கு முக்கியமானது அவற்றுக்கிடையே, 1796-இல், நடந்த ஒரு சந்திப்பு.

ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்ற இருபது வயது இளைஞர் அவரிடம் பணிக்கு வந்தார். மெக்கன்சிக்கு நம் நாட்டு மொழிகள் கடைசிவரை சரியாக வரவில்லை. அதை அவரே ஒளிவின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார். போரய்யாவோ பல மொழிகள் அறிந்தவர். எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள பெரியவரிடமும், புலவரிடமும், கணக்கரிடமும் இதமாகப் பேசிச் செய்தியை வாங்கத் தெரிந்தவர். அவர் வந்த பிறகுதான் இந்திய அறிவின் வாசற்படி தமக்குத் திறந்தது என்று மெக்கன்சி பிற்காலத்தில் தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார்.

1799-இல் திப்பு வீழ்ந்தபின், மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பொறுப்பு மெக்கன்சியிடம் வந்தது. சுமார் 40,000 சதுர மைல். நம் மாவட்டத்தைப் போல எத்தனை மாவட்டங்கள் அதற்குள் அடங்கும் என்று மாணவியர் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த மாபெரும் வேலைக்கு அவருக்கு அளிக்கப்பட்ட உதவியாளர்களில் பலர் சிறுவர்கள். 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியிருந்தார். அநாதை இல்லத்துப் பிள்ளைகளே அதன் மாணவர்கள். பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளியே. அளவைப் பலகையைத் தூக்கிக்கொண்டு, நம் வயதுப் பிள்ளைகள் மலையிலும் காட்டிலும் ஏறி இறங்கினார்கள். காய்ச்சல் வராதவர் குறைவு.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று கால் வைத்த ஒரு பலகை; அதன்மேல் வெள்ளைத் தாள்; தாளின்மேல் பார்வைத் துவாரம் வைத்த ஓர் அளவுகோல். அளந்து வைத்த ஒரு நேர்கோட்டின் ஒரு முனையில் பலகையை நிறுத்தி, தொலைவில் தெரியும் கோபுரத்தை அளவுகோல் வழியே பார்த்துக் கோடு கிழிப்பார்கள். பிறகு மறு முனைக்குப் போய் அதே கோபுரத்தை நோக்கி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடமே தாளில் கோபுரம் நிற்கும் இடம். கோபுரத்தடிக்குப் போகாமலே அதன் இடம் தெரிந்துவிடுகிறது! நம் பள்ளி மாடியில் இரண்டு மூலைகளிலிருந்து ஏகாம்பரநாதர் கோயில் இராஜ கோபுரத்தைப் பார்த்து, ஒரு அட்டையையும் ஸ்கேலையும் வைத்து, இதைச் செய்து பார்க்கலாம்.

அதே ஆண்டுகளில் வில்லியம் லாம்ப்டன் என்ற மற்றொருவரும் தென்னாட்டை அளந்துகொண்டிருந்தார். 1802 ஏப்ரலில் புனித தோமையார் மலைக்கு அருகே சங்கிலி பிடித்து அடிக்கோடு அளக்கத் தொடங்கியவர் அவர். பூமியின் வடிவத்தையே கண்டறிவது லாம்ப்டனின் நோக்கம். அவருக்கு வேண்டியவை மலை உச்சிகளும் கோபுர உச்சிகளும். மெக்கன்சிக்கு உச்சி மட்டும் போதவில்லை. கீழே இறங்கி வந்தார். இந்த ஏரி யார் வெட்டியது? இந்தக் கோட்டை யாருடையது? இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர்? பெயரைக் கேட்டால் கதை வந்தது. கதையைக் கேட்டால் ஓலைச்சுவடி வந்தது. சுவடியோடு செப்பேடும் காசும் வந்தன. வரைபடத்தில் ஓர் ஊரின் பெயரைச் சரியாக எழுதப் போனவர், அந்தப் பெயரின் பின்னாலேயே இழுத்துச் செல்லப்பட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மேலிடத்தார் இதற்குப் பெரிதாக மகிழவில்லை. சிக்கனத்தைக் காட்டி அவருடைய படியைக் குறைத்தார்கள். சுவடி சேர்க்கும் செலவை அவர் பெரும்பாலும் தம் சொந்தப் பணத்திலிருந்தே செய்தார். ஊர்களிலும் எல்லாரும் கதவைத் திறந்து வரவேற்கவில்லை. கம்பெனியின் ஆள் வந்து ஏரிக் கணக்கும் மானியக் கணக்கும் கேட்டால், வரி ஏறுமோ என்று மக்கள் அஞ்சினார்கள். அவர்கள் அஞ்சியதில் தவறும் இல்லை. அந்த அச்சத்தைப் பேசிப் பேசிக் கரைத்தவர்கள் நம் நாட்டு உதவியாளர்களே. போரய்யா 1803-இல் இருபத்தேழு வயதுக்குள் இறந்துபோனார். அவர் தம்பி இலட்சுமையா அந்த இடத்துக்கு வந்தார். நாராயண ராவ், தருமையா, அப்பாவு முதலியோர் ஊர் ஊராகச் சென்றார்கள். நம் தொண்டை மண்டலத்துக் குறும்பர் கோட்டைகளைப் பற்றி அன்று வாய்மொழியாக வழங்கிய வரலாறுகள் ஏட்டில் ஏறியது இவ்விதமே.

காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அமராவதியைச் சொல்லலாம். கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பௌத்த தூபியை மெக்கன்சி 1790-களின் இறுதியில் கண்டார். 1816-இல் படம் வரைபவர்களுடன் திரும்பிச் சென்றபோது, இடையில் பல கற்கள் கட்டட வேலைக்குப் பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றை அளந்து, எந்தக் கல் எந்த இடத்தில் கிடந்தது என்று தரைப்படமும் போட்டு, ஒவ்வொன்றாக வரைய வைத்தார். அவற்றுள் சில கற்கள் பிறகு எங்கு போயின என்று தெரியவில்லை. தாள்கள் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தப்பிப் பிழைத்த சிற்பங்கள் பலவற்றை நாம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். சென்னைக்குச் சுற்றுலா செல்லும்போது உயிர்க்காட்சிச் சாலைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை இதற்குக் கொடுக்கலாம்.

1811-இல் ஜாவாவுக்குப் படையுடன் சென்ற மெக்கன்சி, அங்கேயே டச்சுப் பெண்மணியான பெட்ரோனெல்லாவை மணந்தார். அங்கும் சுவடியும் படமும் சேர்த்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 1815-இல் இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அவரை வரைந்தார். பெரிய அதிகாரிகள் தனியாக நின்று படம் எழுதிக்கொள்வது வழக்கம். இதில் அவரைச் சுற்றி நம்மவர் மூவர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவர் கையில் ஓலைச்சுவடி. பின்னணியில் சிரவணபெளகொள கோமடேசுவரர். எங்களுக்கு இந்த ஓவியம் மிகவும் பிடிக்கும்.

கல்கத்தாவுக்குப் போனபின் உடல்நலம் குன்றியது. சேர்த்ததையெல்லாம் வகைப்படுத்திப் பட்டியல் எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. 1821 மே 8-ஆம் நாள் இறந்தார். கல்கத்தாவின் தெற்குப் பார்க் தெருக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் பிறந்த தீவுக்குத் திரும்பவில்லை.

சேகரிப்பைக் கம்பெனி ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்து அவர் மனைவியிடமிருந்து வாங்கியது. 1828-இல் வில்சன் என்ற அறிஞர் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது: 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,630 சித்திரங்கள், 79 தரைப்படங்கள், 6,218 காசுகள். தென்னாட்டு மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி பிறகு சென்னைக்கு வந்து, அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் அடித்தளம் ஆயிற்று.

இந்த இடத்தில் இலட்சுமையாவைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமாகாது. தலைவர் விட்ட வேலையைத் தாமே தொடர்ந்து முடிக்கிறேன் என்று அவர் விண்ணப்பித்தார். எந்தச் சுவடி எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது என்று அறிந்தவர் அவரைப் போல் வேறு யாரும் இல்லை. கல்கத்தாவில் இருந்த ஆசியக் கழகத்தார் 1830-களில் அதை ஆராய்ந்து, இந்தியர் ஒருவர் தனித்து நடத்தக்கூடிய வேலை அன்று இது என்ற முடிவுக்கு வந்தார்கள். வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குக் கொடுக்கப்பட்டது. நீளம், அகலம், திசை எல்லாம் சரியாக எழுதிய வரைபடத்தில் வழிகாட்டியின் பெயர் மட்டும் விடுபட்டுப் போனது.

இன்று கைப்பேசி ஒவ்வொரு திருப்பத்தையும் பேசியே காட்டிவிடுகிறது. அது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. திருமணத்துக்கு அழைத்த மண்டபத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் அது நாம் போகும் தெருவை மட்டும் காட்டுகிறது. போகாத தெருவைப் பற்றி வாய் திறப்பதில்லை. காகிதப் படம் அப்படியன்று. நில அளவைத் துறையின் தாள் ஒன்றை வீட்டுக் கூடத்தில் விரித்துப் பாருங்கள். நால்வர் சுற்றி உட்காரலாம். பாலாற்றின் அகன்ற மணல், வேகவதியின் மெல்லிய கோடு, தூசி மாமண்டூர் ஏரியும் தென்னேரியும் நீலத்தில், அவற்றுக்கிடையே பாக்கம் என்றும் ஊர் என்றும் முடியும் நூறு பெயர்கள். பாட்டி பிறந்த ஊரைத் தேடும் விரல் வழியிலேயே வேறு பத்து ஊர்களில் நின்றுவிடும். தபால் தலை சேர்ப்பவர்கள் நம் பள்ளியில் பலர். வரைபடம் சேர்ப்பவர் இதுவரை இருவரே. அவர்களிடம் பழைய இரயில்வே படமும், சுற்றுலாத் துறைப் படமும், தாத்தாவின் நிலத்துப் புலப்படத்தின் நகலும் இருக்கின்றன. மடிப்பில் கிழியாமலிருக்கப் பின்னால் மெல்லிய துணி ஒட்டியிருக்கிறார்கள். பட்டு நெசவாளர் வீட்டுப் பெண்களுக்குத் துணி கிடைப்பதில் என்ன குறை!

சென்ற பருவத்தில் அந்த இருவரும் நம் ஊர்ப் படத்தை விரித்து வைத்து, திருப்பருத்திக்குன்றத்தில் விரல் வைத்தார்கள். படத்தில் அச்சிட்ட பெயர் அதுவே. அதற்கு ஜின காஞ்சி என்றும் ஒரு பெயர் உண்டு என்றாள் ஒருத்தி. அது ஏன் என்று கேட்டாள் மற்றவள். அடுத்த சனிக்கிழமை நேரில் போய் அங்குள்ளவர்களையே கேட்டுவிட்டு வர, அன்று மாலையே தலைமைச் சகோதரியிடம் அனுமதி வாங்கிவிட்டார்கள்.