ஆக்கச் சிந்தனையைத் தேடியவர்

பஞ்சடைத்த விலங்குப் பொம்மை ஒன்றைக் காட்டி, இதனோடு விளையாடுவது இன்னும் மகிழ்ச்சியாக இருக்க என்னென்ன மாற்றங்கள் செய்யலாம் என்று கேட்டால், சிறுவர்கள் என்ன சொல்வார்கள்? காதைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம் என்று சிலர் இரண்டு மூன்று விடைகளோடு நிறுத்திக்கொள்வர். வேறு சிலர் பொம்மையின் வயிற்றுக்குள் மணியை வைப்பர். காலில் சக்கரம் பூட்டுவர். மூக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வைப்பர். இக்கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. இத்தகைய கேள்விகளைக் கொண்டு ஒரு தேர்வை உருவாக்கி, அதை உலகப் பள்ளிகளுக்கு அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் எல்லிஸ் பால் டோரன்ஸ்.

டோரன்ஸ் 1915ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் பகுதியில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். உழவு வேலை அவருக்குக் கைவரவில்லை. அவர் ஏர் பிடித்தால் சால் நேராகப் போகாது. நிலத்தை நம்பி இந்தப் பிள்ளை பிழைக்க முடியாது என்பதைக் குடும்பத்தார் புரிந்துகொண்டனர். எனவே, படிப்பே அவருக்கு வழியாயிற்று.

இளம் வயதிலேயே அவர் ஜார்ஜியா இராணுவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அங்குப் பள்ளி மாணவர்களும் பயின்றனர். வீட்டுக்கும் பழைய பள்ளிக்கும் அடங்காதவர்கள் என்று பெயரெடுத்த சிறுவர்கள் பலர் அங்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களோடு பழகப் பழக டோரன்ஸுக்கு ஓர் ஐயம் எழுந்தது. மற்றவர்கள் குறும்பு என்று ஒதுக்கியவற்றுள் பல, புதியன எண்ணும் துடிப்பாக அவர் கண்ணுக்குத் தெரிந்தன. அக்காலத்தில் வெளிவந்த மார்கரெட் பிராட்லியின் நூலொன்று, ஆக்கத்திறன் மிக்கோரை இன்னும் பழக்கப்படுத்தப்படாத குதிரைக்குட்டிகளோடு ஒப்பிட்டிருந்தது. அதைப் படித்த டோரன்ஸ், தம் மாணவர்களை நினைத்துக்கொண்டார். ஆக்கச் சிந்தனையைக் கண்டறியும் முதல் தேர்வை அவர் அப்போதே எழுதிப் பார்த்தார்.

1951ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் அவர் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுப் பணியில் சேர்ந்தார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. விமானம் விழுந்து, பனியிலோ காட்டிலோ எதிரி நாட்டிலோ சிக்கிக்கொள்ளும் வீரர் எவ்வாறு உயிர் பிழைக்கிறார் என்பதே ஆய்வின் பொருள். பயிற்சியில் கற்ற செய்திகள் தேவைதான். ஆனால், பயிற்சியில் சொல்லித்தரப்பட்ட அதே நிலைமை காட்டில் வருவதில்லை. அறிந்தவற்றை அந்த நொடிக்கு ஏற்பப் புதிதாக இணைத்துக்கொள்பவரே தப்பிக்கிறார் என்ற முடிவுக்கு டோரன்ஸ் வந்தார். ஓவியருக்கும் கவிஞருக்கும் மட்டும் உரியது என்று கருதப்பட்ட ஆக்கத்திறன், இவ்வாறு அவருக்கு உயிரைக் காக்கும் திறனாகவும் தெரிந்தது.

அந்நாளில் உளவியலாளர்கள் இத்துறையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஜே. பி. கில்ஃபர்ட் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு முந்தைய 23 ஆண்டுகளில் பதிவான ஏறத்தாழ 121,000 உளவியல் எழுத்துகளுள் 186 மட்டுமே ஆக்கத்திறனைப் பற்றியவை. நுண்ணறிவுத் தேர்வுகள் ஒரே விடையை நோக்கிச் செல்லும் சிந்தனையை மட்டும் அளக்கின்றன. பல திசைகளில் விரியும் சிந்தனையை அவை தொடுவதில்லை என்பது கில்ஃபர்ட்டின் வாதம். அவர் திறந்த கதவின் வழியே சென்றவர்களுள் டோரன்ஸும் ஒருவர். எனினும், கில்ஃபர்ட் பெரும்பாலும் பெரியவர்களையே ஆராய்ந்தார். டோரன்ஸ் குழந்தைகளை நாடினார்.

1958ஆம் ஆண்டில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வு நிலையத்துக்கு அவர் இயக்குநரானார். சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தி ஓராண்டுகூட நிறைவடையாத நேரம். திறன்மிக்க பிள்ளைகளைக் கண்டறிய வேண்டும் என்று அமெரிக்கா பதறிக்கொண்டிருந்தது. மினியாபொலிஸ் நகரின் இரண்டு தொடக்கப்பள்ளிகளில் டோரன்ஸ் தம் தேர்வுகளைத் தொடங்கினார். அட்டைப்பெட்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? மேகங்களிலிருந்து தரைவரை கயிறுகள் தொங்கினால் என்ன நடக்கும்? வெறும் வட்டங்களை எத்தனை வகைப் படங்களாக மாற்றலாம்? விடைகளின் எண்ணிக்கை மட்டும் பார்க்கப்படவில்லை. அட்டைப்பெட்டியில் புத்தகம், பொம்மை, பழம் என்று பத்துப் பொருள்களை வைக்கலாம் என்று எழுதியவருக்குச் சரளம் உண்டு. ஆனால், பத்தும் ஒரே வகை. பெட்டியை வீடாக்கி, முகமூடியாக்கி, படகாக்கியவரிடம் நெகிழ்வு இருக்கிறது. பிறர் எவரும் எண்ணாததை எண்ணினால் அது புதுமை. எண்ணியதை நுணுக்கமாக வளர்த்தால் அது விரிவாக்கம்.

ஆய்வு தொடர்ந்தபோது மனத்தை வருத்தும் செய்தி ஒன்று வெளிப்பட்டது. நான்காம் வகுப்பை எட்டும்போது, அதாவது ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதில், பல பிள்ளைகளின் மதிப்பெண்கள் சரிந்தன. முன்பு துள்ளிக் குதித்து விடை சொன்னவர்கள் இப்போது அக்கம்பக்கம் பார்க்கத் தொடங்கினர். இது வளர்ச்சியின் இயல்பா, பள்ளியும் சமூகமும் தரும் நெருக்கடியா என்று அறிய, டோரன்ஸ் இந்தியா, மேற்கு சமோவா, நார்வே, ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாட்டுப் பிள்ளைகளையும் ஆராய்ந்தார். சரிவின் காலமும் அளவும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி நேர்வதாயின் அது வயதின் வேலை எனலாம். வேறுபடுவதால் பண்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்று அவர் கருதினார்.

இன்னோர் ஆய்வு மேலும் கூர்மையானது. ஐந்து பிள்ளைகள் கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. அறிவியல் விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்து, அவற்றால் என்னென்ன செய்யலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஆக்கத்திறனில் முதலிடம் பெற்ற பிள்ளையே பெரும்பாலும் மிகுதியான எண்ணங்களைத் தந்தது. ஆனால், குழுவுக்கு யார் அதிகம் உதவினார் என்று கேட்டபோது அந்தப் பிள்ளையின் பெயரை மற்றவர்கள் அரிதாகவே சொன்னார்கள். சில குழுக்கள் அதனை ஒதுக்கவும் செய்தன. ஆசிரியர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சிறந்த மாணவருக்குரிய பண்புகள் எவை என்ற வினாவுக்குப் பலர் பணிவையும் நேரத்துக்கு வேலை முடிப்பதையும் உயர்த்திக் கூறினர்.

1966ஆம் ஆண்டில் அவரது தேர்வுகள் அவர் பெயராலேயே வெளியிடப்பட்டன. பின்னர் 30க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டன. அதே ஆண்டு அவர் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, ஏதன்ஸ் நகரிலுள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நிறவேறுபாடு ஆழமாக வேரூன்றியிருந்த மண் அது. வழக்கமான நுண்ணறிவுத் தேர்வுகளில் பின்தங்கிய ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள், அவரது ஆக்கச் சிந்தனைத் தேர்வுகளில் மற்றவர்களுக்கு ஈடாக நின்றனர். அத்தேர்வுகளின் பெரிய பயன் இதுவெனலாம். 1974ஆம் ஆண்டில் அவரும் துணைவியார் பான்சியும் தொடங்கிய எதிர்காலச் சிக்கல்களுக்குத் தீர்வு காணும் திட்டத்தில் இன்று சிங்கப்பூர் மாணவர்களும் பங்கேற்கின்றனர்.

தேர்வில் மதிப்பெண் பெற்றவர்கள் வாழ்க்கையில் எதையேனும் படைப்பார்களா? இக்கேள்விக்கு விடை காண 22 ஆண்டுகள் காத்திருந்தார் டோரன்ஸ். மினியாபொலிஸ் குழந்தைகள் பெரியவர்களான பின், 1980ஆம் ஆண்டில் அவர்களைத் தேடி வினாத்தாள்களை அனுப்பினார். இளமையில் நன்கு செய்தவர்களுள் பலர் பின்னாளில் ஆக்கச் செயல்களிலும் முன்னின்றனர். ஆனால், மதிப்பெண்ணால் விளக்க இயலாதவையும் இருந்தன. ஒரு துறையின்மீது சிறுவயதிலேயே கொண்ட தீராத காதலும், கைகொடுத்த நல்லாசிரியர் ஒருவரும் பலரது வாழ்வைத் திருப்பியிருந்தனர். தம் தேர்வு ஆக்கத்திறன் முழுவதையும் அளந்துவிடும் என்று டோரன்ஸ் ஒருபோதும் உரிமை கொண்டாடவில்லை.

நூல்கள், கட்டுரைகள், அறிக்கைகள் என 1,800க்கும் மேற்பட்டவற்றை எழுதிய அவர், 2003ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் ஏதன்ஸ் நகரில் காலமானார். ஆய்வு அதோடு நிற்கவில்லை. அவரைப் பின்பற்றிய அறிஞர்கள், தேர்வு தொடங்கி 50 ஆண்டுகளுக்குப் பின் அதே மினியாபொலிஸ் பிள்ளைகளை மீண்டும் தேடிச் சென்றனர். அவர்கள் அப்போது பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வயதை எட்டியிருந்தனர். ஊரறியும் புகழோடு பழைய மதிப்பெண்கள் பொருந்தவில்லை. தத்தம் வாழ்வில் அவர்கள் தாமே செய்துகொண்ட ஆக்கங்களோடு பொருந்தின.