பிச்சைக்கு ஈடு கொடுத்தவர்

திடப்பொருள் பாடத்தில் படிக முகங்களைப் பற்றி ஹாவுய் விதி என்று ஒன்று வருகிறது. அந்த ரெனே ஹாவுய்க்கு ஒரு தம்பி உண்டு. பெயர் வாலந்தீன். பாடநூலில் இல்லாத அந்தத் தம்பியைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

வட பிரான்சில் ஒரு நெசவாளி வீட்டில் 1745-இல் பிறந்தார். பல மொழிகள் கற்று, பாரிசில் மொழிபெயர்ப்பாளராகப் பிழைத்தார். 1771-இல் ஒரு சந்தையில் அவர் கண்ட காட்சி அவரை உலுக்கியது. பார்வையற்ற சிலருக்குக் கோமாளி வேடமிட்டு, பெரிய மூக்குக்கண்ணாடி மாட்டி, இசைத்தாள்களின் முன் வாத்தியம் வாசிக்க விட்டிருந்தார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. இவர்களைப் படிக்க வைக்க முடியாதா என்று எண்ணினார்.

எண்ணம் செயலாகப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1784-இல் ஒரு தேவாலய வாசலில் லெசுயர் என்னும் பார்வையற்ற இளைஞனைச் சந்தித்தார். அவன் பிச்சையெடுத்துக் கொண்டு வரும் காசை நம்பி வீட்டில் பலர் இருந்தனர். படிக்க வந்தால் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? அவன் இழக்கும் பிச்சைக் காசை ஹாவுய் தாமே கொடுத்துவிட்டுப் பாடம் தொடங்கினார்! நான் கல்லூரியில் சேர்ந்தபோது என் தந்தை கட்டணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று ஆண்டுக் கூலி போகிறதே என்றுதான் கணக்குப் பார்த்தார். ஆதலால் ஹாவுய் செய்த எல்லாவற்றிலும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மேடாகப் பதித்த எழுத்துக்களை விரலால் தடவி லெசுயர் படித்தான். 1785-இல் பள்ளி பிறந்தது. எழுத்தோடு நூற்பு, பின்னல், புத்தகக் கட்டு, அச்சு வேலை எல்லாம் கற்பித்தார்கள். கையேந்தாமல் பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம். பார்வையற்றோர் கல்வி பற்றி ஹாவுய் எழுதிய நூலை 1786-இல் அந்த மாணவர்களே அச்சிட்டார்கள். அவ்வாண்டே மன்னர் பதினாறாம் லூயி முன் தங்கள் திறமையையும் காட்டினார்கள்.

குறையும் உண்டு. அந்த எழுத்துக்கள் பெரியவை, புத்தகங்கள் கனத்தன, படிக்கலாம், ஆனால் தானே எழுதுவது கடினம். பார்வையுள்ளவர் படிக்கும் அதே எழுத்துத்தான் வேண்டும் என்று ஹாவுய் பிடிவாதமாக இருந்துவிட்டார்.

புரட்சிக்குப் பின் 1791-இல் பள்ளி அரசின் கைக்குப் போயிற்று. 1802-இல் அவரையே வெளியேற்றினார்கள். 1806-இல் ருஷ்யா சென்று அங்கும் ஒரு பள்ளி தொடங்கினார். 1817-இல் முதியவராகத் திரும்பியபோது, தாம் தொடங்கிய பள்ளியிலேயே அவருக்கு வரவேற்பில்லை. 1821-இல் தலைமை மாறிய பிறகுதான் அழைத்து இசைவிழா நடத்தி மரியாதை செய்தார்கள். லூயி பிரெயில் என்ற 12 வயதுச் சிறுவன் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு ஹாவுய் காலமானார்.