வெ. ராகவன்

வெங்கடராமன் ராகவன் (ஆகஸ்ட் 22, 1908 - ஏப்ரல் 5, 1979) தமிழ்நாட்டைச் சேர்ந்த வடமொழி அறிஞரும் இசையியல் ஆய்வாளரும் ஆவார். சிதறிக் கிடந்த சமசுகிருதச் சுவடிகளைப் பட்டியலிடும் பெரும்பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்.

வாழ்க்கைக் குறிப்பு

கருநாடக இசை மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரிலேயே ராகவனும் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் குப்புசாமி சாஸ்திரியிடம் பயின்றார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழக வடமொழித் துறையில் சேர்ந்து, அதன் தலைவராக உயர்ந்து, 1968 இல் ஓய்வு பெற்றார்.

சுவடிப் பணி

செருமானிய அறிஞர் ஆஃப்ரெக்ட் 1891 முதல் 1903 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சுவடிப் பட்டியலே நெடுங்காலம் ஆய்வாளருக்குத் துணையாக இருந்தது. அதன்பின் ஏராளமான சுவடிகள் கண்டறியப்பட்டதால், புதிய பட்டியலைத் தொகுக்கும் திட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. தொடக்கக் காலம் முதலே இதில் உழைத்த ராகவன், பின்னர் இதன் பொறுப்பையும் ஏற்றார். 1953-54 இல் ஐரோப்பிய நூலகங்களுக்குச் சென்று அங்கிருந்த இந்தியச் சுவடிகளை ஆராய்ந்தார். இத்தகைய பட்டியல் இல்லையெனில், ஒரு நூலின் படிகள் எங்கெங்கு உள்ளன என்பதை அறிந்து ஒப்பிட்டுப் பதிப்பிப்பது அரிது. பணி முடிவுறும் முன்பே அவர் காலமானார். பிறர் அதனைத் தொடர்ந்தனர்.

பதினோராம் நூற்றாண்டில் போச மன்னர் இயற்றிய, 36 இயல்கள் கொண்ட சிருங்காரப் பிரகாசம் பற்றிய இவரது ஆய்வே முனைவர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. அந்நூலுக்கு இவர் அமைத்த பதிப்பின் முதற்பகுதி, இவர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின் 1998 இல் ஆர்வர்டு கீழைத்தேய நூல்வரிசையில் வெளிவந்தது.

இசை, நாடகப் பணிகள்

1944 முதல் இறக்கும்வரை சென்னை மியூசிக் அகாதமியின் செயலாளராக இருந்தார். அதன் ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் விளங்கினார். பழைய இசை இலக்கண நூல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் பற்றி விரிவாக எழுதினார். ஏட்டிலுள்ள இலக்கணமும் மேடையில் வழங்கும் மரபும் ஒன்றையொன்று விளக்கக் கூடியவை என்பது இவரது எழுத்துகளில் புலப்படும். நாட்டியக் கலைஞர் த. பாலசரசுவதியுடன் இணைந்து பரதநாட்டியம் என்னும் தமிழ் நூலை எழுதினார். முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்க்கையை வடமொழிக் காவியமாகப் பாடினார். வடமொழி நாடகங்களை மேடையேற்ற 1958 இல் சமசுகிருத ரங்கம் என்ற அமைப்பை நிறுவினார்.

விருதுகள்

பத்ம பூசண் - 1962
சங்கீத நாடக அகாதமியின் உறுப்பினர் தகைமை - 1964
சாகித்திய அகாதமி விருது - 1966 (சிருங்காரப் பிரகாச ஆய்வுக்காக)