சாஸ்திரி போட்ட கையெழுத்து

லால்பகதூர் சாஸ்திரின்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? குள்ளமான உருவம், கதர் வேட்டி, 1965 பாகிஸ்தான் போர். பொது அறிவுத் தேர்வுக்கு அது போதும். ஆனால் சங்கரன்கோவில் பக்கத்துல பிறந்த எனக்கு அவர் வேறொரு காரணத்தால் முக்கியமானவர். அவர் போட்ட ஒரு கையெழுத்தாலதான் எங்க ஆச்சி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தாங்க.

சாஸ்திரி 1904 அக்டோபர் 2-ம் தேதி முகல்சராயில் பிறந்தார். ஆசிரியராக இருந்த தந்தை, மகனுக்கு இரண்டு வயது நிறையும் முன்பே காலமானார். தாய் வழி உறவினர்கள்தான் வளர்த்தார்கள். காந்தியின் அழைப்பைக் கேட்டுப் பள்ளியை விட்டவர், பிறகு காசி வித்யாபீடத்தில் படித்து 1925-ல் பெற்ற பட்டமே 'சாஸ்திரி'. ஜாதியைக் காட்டும் ஸ்ரீவஸ்தவா என்ற பெயரை விட்டுவிட்டார்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயிலை ஓட்டியது அவரில்லை. இருந்தாலும் பொறுப்பு தன்னுடையது என்று ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்.

நேருவுக்குப் பின் 1964 ஜூனில் பிரதமரானார். அப்போது இலங்கையோடு ஒரு பழைய சிக்கல் பாக்கி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நெல்லை, ராமநாதபுரம், மதுரை, திருச்சி சீமைகளிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் குடியுரிமையை இலங்கையின் 1948 சட்டம் பறித்துவிட்டது. அங்கேயே பிறந்தவர்களும் நாடற்றவர்களானார்கள். நேரு 1954-ல் கொத்தலாவலையோடு பேசியும் தீரவில்லை.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சீனப் போருக்குப் பிறகு அண்டை நாட்டு நட்பு இந்தியாவுக்கு ரொம்பத் தேவைப்பட்ட நேரம் அது. ஆனால் எண்ணிக்கை முடிவான பிறகுதான் ஜனங்களை மனு போடச் சொன்னாங்க. தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தும் பயனில்லை.

சாஸ்திரி அதன் பலனைப் பார்க்கவில்லை. 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் இறந்தார். 1974-ல் மீதிப் பேரை இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டன. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். எங்க ஆச்சி பிறந்தது பதுளைப் பக்கம். வந்த பிறகு அரசாங்கக் காகிதத்தில் தாயகம் திரும்பியவர். தெருவிலோ கடைசி வரை சிலோன்காரி. இலங்கையில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ம் ஆண்டுச் சட்டம்தான் குடியுரிமை தந்தது.

சாஸ்திரியின் நேர்மையில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. அப்படிப்பட்ட நல்லவரே, எஸ்டிமேட்டில் செங்கல் எண்ணிக்கை போடுவதுபோல மனிதர்களைப் பங்கு போட நேர்ந்தது. நாளைக்கு அணைக்கோ சாலைக்கோ நாமும் அளவெடுக்கப் போகிறவர்கள். அங்கே குடியிருக்கிறவங்ககிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்போம் நண்பர்களே!