யார் இந்த ஜான் போனிகா? நாள்பட்ட வலிக்கு வைத்தியம் தேடிய மல்யுத்த வீரர்!

முதுகு வலின்னு டாக்டர்கிட்ட போறோம். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. ரிப்போர்ட் நார்மல். ஆனா வலி மட்டும் மாசக்கணக்கா போகவே இல்லை. அப்படின்னா அந்த வலி பொய்யா?

இல்லை. விடாத வலி தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு பிரச்னை என்பதை இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவர் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் ஜான் போனிகா. பகலில் டாக்டர், மற்ற நேரத்தில் முகமூடி போட்ட மல்யுத்த வீரர். சினிமா கதை மாதிரி இருக்கா? உண்மையில் நடந்ததுதான்.

ஷூ பாலிஷ் போட்ட சிறுவன்

1917-ல் இத்தாலியின் சிசிலி அருகே உள்ள ஃபிலிகூடி என்ற குட்டித் தீவில் பிறந்தார் போனிகா. 1927-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழ்க்கை தொடங்கியது. 1932-ல் அப்பா இறந்துபோக, குடும்பப் பாரம் சிறுவனின் தோளில் விழுந்தது. ஷூ பாலிஷ் போட்டார், பேப்பர் விற்றார், காய்கறி, பழம் விற்றார்.

பள்ளியில் கற்றுக்கொண்ட மல்யுத்தம்தான் கைகொடுத்தது. மில்வாக்கி நகரில் மருத்துவம் படிக்கும்போது, தொழில்முறைப் போட்டிகளில் மோதி அந்தப் பணத்தில் ஃபீஸ் கட்டினார். 1941-ல் லைட் ஹெவிவெயிட் பிரிவில் உலக சாம்பியன் பட்டம்கூட அவரிடம் இருந்தது. 1942-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு எம்மாவைத் திருமணம் செய்துகொண்டார்.

பிரசவ அறையில் நடந்தது என்ன?

1943-ல் எம்மாவுக்கு முதல் பிரசவம். வலி தெரியாமல் இருக்க ஈதர் கொடுத்தது அனுபவம் இல்லாத ஒரு பயிற்சி டாக்டர். மயக்கத்தில் வாந்தி எடுத்த எம்மாவுக்கு மூச்சு அடைத்தது. போனிகாவே ஓடிப்போய் மூச்சுப்பாதையைச் சரிசெய்து காப்பாற்றினார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுப்பது பெரிதாக மதிக்கப்படாத வேலை. அதையே தன் துறையாக எடுத்துக்கொண்டார் போனிகா. பிரசவ வலியைப் பாதுகாப்பாகக் குறைக்கும் முறைகளைப் பிற்காலத்தில் பரப்பியவர்களிலும் அவர் முக்கியமானவர்.

ராணுவ மருத்துவமனையில் விழுந்த அடி

1944-ல் ராணுவத்தில் சேர்ந்தார். வாஷிங்டன் மாநிலத்தின் மேடிகன் ராணுவ மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவின் தலைவர் பொறுப்பு. அப்போது அவருக்கு வயது 27. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்கள் அங்கே குவிந்திருந்தார்கள்.

அங்கேதான் ஒரு புதிர். காயம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. சிலருக்கு வெட்டி எடுக்கப்பட்ட காலில், அதாவது இல்லாத காலில், தாங்க முடியாத வலி! நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுப் பார்த்தார். சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. பாடப் புத்தகங்களைப் புரட்டினால் வலியைப் பற்றி உருப்படியாக எதுவும் இல்லை.

நரம்பு டாக்டர், எலும்பு டாக்டர், மனநல டாக்டர் என்று ஒவ்வொருவரிடமும் நோயாளியை அனுப்பினார். ஆளுக்கொரு கருத்தை எழுதி அனுப்பினார்களே தவிர, பலன் இல்லை. கடைசியில் அந்த டாக்டர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சேர்ந்து பேசவைத்தார். எழுதி அனுப்பியதில் வராத தெளிவு, நேரில் பேசியதில் வந்தது. போனிகா வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்ட யோசனை இதுதான்.

நாள்பட்ட வலி என்றால் என்ன?

கையில் சூடு பட்டால் வலிக்கிறது, கையை இழுத்துக்கொள்கிறோம். இந்த வலி காவல் நாய் மாதிரி, நம்மைக் காப்பாற்றக் குரைக்கிறது. ஆனா திருடன் போன பிறகும் நாய் மாசக்கணக்கா குரைச்சா? அதுதான் நாள்பட்ட வலி. பொதுவாக 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை இப்படிச் சொல்கிறார்கள்.

இதில் நரம்பு மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. தூக்கம் கெடும், வேலை போகும், பயத்தில் உடம்பை அசைக்காமல் வைப்பதால் தசை பலவீனமாகும், மனச்சோர்வு வரும். இவை திரும்பவும் வலியைக் கூட்டும். அதனால் ஒரே ஒரு டாக்டரால் இதைச் சமாளிக்க முடியாது என்பதுதான் போனிகாவின் வாதம்.

1953-ல் சுமார் 1,500 பக்கத்தில் அவர் எழுதிய தி மேனேஜ்மென்ட் ஆஃப் பெயின் என்ற புத்தகம், இந்தத் துறையின் அடிப்படை நூலானது.

சியாட்டில் கிளினிக்: ஆய்வு எப்படி நடந்தது?

1960-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துத் துறையின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் லோவெல் வைட், செவிலியர் டோரதி குரோலி ஆகியோருடன் சேர்ந்து வலி கிளினிக்கைத் தொடங்கினார். ஒரு செவிலியருக்கும் சம இடம் கொடுத்தது அன்று புதுசு.

அதே பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் வேறொரு கோணத்தில் ஆய்வு செய்தார். வலித்தால்தான் மாத்திரை என்றால், வலிக்கும் மாத்திரைக்கும் ஒரு பழக்கம் உருவாகிவிடும். அதனால் வலியைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுத்தார். பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்தார். வலிக்கும் வரை உடற்பயிற்சி என்பதற்குப் பதில், இன்று இவ்வளவு என்று அளவு வைத்துக் கூட்டிக்கொண்டே போனார். வலி முழுசா போச்சா என்று மட்டும் கேட்காமல், எவ்வளவு நடக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று அளந்து பார்த்தார்கள்.

1973-ல் சியாட்டில் அருகே இசாக்வாவில் 300-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்களையும் டாக்டர்களையும் போனிகா கூட்டினார். அங்கே உருவானதுதான் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம். 1975-ல் அந்தச் சங்கத்தின் பெயின் என்ற ஆய்விதழும் தொடங்கியது.

சரி, இந்த முறை பலன் தருதா?

2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நாள்பட்ட முதுகு வலி குறித்த 41 சோதனைகளை ஆராய்ந்தது. பல துறையினர் சேர்ந்து தரும் சிகிச்சை, வழக்கமான சிகிச்சையைவிட வலியையும் முடக்கத்தையும் அதிகம் குறைப்பதாகத் தெரிந்தது. ஆனா இது மேஜிக் இல்லை, கிடைத்த முன்னேற்றம் மிதமானதுதான்.

அப்போ ஏன் எல்லா ஊரிலும் இப்படி கிளினிக் இல்லை? செலவுதான் பெரிய காரணம். 4 நிபுணர்கள் உட்கார்ந்து பேசும் நேரத்துக்குப் பணம் தர அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தயங்கின. 1990-களுக்குப் பிறகு அங்கே இப்படிப்பட்ட பல மையங்கள் மூடப்பட்டன. மாத்திரையும் ஊசியும் அந்த இடத்தைப் பிடித்தன. அளவுக்கு மீறி எழுதித்தரப்பட்ட ஓபியாய்டு மாத்திரைகளால் அந்த நாடு பட்ட பாடு ஊரறிந்த கதை.

வலியோடு வாழ்ந்த வலி டாக்டர்

ராணுவத்தில் இருந்தபோதும் போனிகா மல்யுத்தத்தை விடவில்லை. அடையாளம் தெரியாமல் இருக்க முகமூடி மாட்டி, மாஸ்க்ட் மார்வெல் என்ற பெயரில் மோதினார். அதற்கு அவர் உடம்பு கொடுத்த விலை அதிகம். காதுகள் உருமாறின. தோளும் இடுப்பும் தேய்ந்தன. பல அறுவை சிகிச்சைகள் செய்தும் நாள்பட்ட வலி அவரை விடவே இல்லை. அந்த உடம்போடுதான் 1990-ல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார்.

1994-ல் எம்மா இறந்தார். சில வாரங்களில், ஆகஸ்ட் 15-ம் தேதி, 77 வயதில் போனிகாவும் காலமானார்.

2022 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் நாள்பட்ட வலிக்குத் தனிக் குறியீடுகள் இருக்கின்றன. வேறு காரணம் எதுவும் தென்படாத வலியும் அதில் ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அதனால வீட்டில் யாராவது மாசக்கணக்கா வலிக்குதுன்னு சொன்னா, ரிப்போர்ட் நார்மல்தானேன்னு ஒதுக்கிவிட வேண்டாம். அந்த வலி உண்மை. அதற்குச் சிகிச்சையும் உண்டு.