விலை கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு: ஜே.சி. குமரப்பா

திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போற ரோட்டில் டி.கல்லுப்பட்டி இருக்கிறது. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசி வருஷங்களைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. நம்ம மதுரைப் பக்கம் வாழ்ந்த மனிதர்தான், ஆனால் நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது. காய்கறியில் எல்லாம் மருந்து, இயற்கைக் காய் வாங்கலாம்னா விலை கட்டுப்படியாகலை என்று குழுக் கூட்டங்களில் அடிக்கடி பேச்சு வருகிறது. அந்தப் பேச்சுக்கு உதவும் ஒரு கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

குமரப்பா 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். லண்டன் போய் ஆடிட்டர் படிப்பு படித்தார். பம்பாயில் தொழில் செய்தார். கோட்டு சூட்டு, நல்ல வருமானம் என்று வாழ்ந்தவர். பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வரவு செலவை ஆராய்ந்தார். ஜனங்கள் கட்டுகிற வரி எங்கே போகிறது, அவர்கள் ஏன் ஏழையாகவே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

1929-இல் அந்த ஆய்வோடு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்பது குமரப்பாவுக்குச் சற்று நேரம் கழித்தே தெரிந்தது. காந்தி அவரைக் குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், குடும்பங்களின் வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் எழுதினார். கார்னிலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை வைத்துக்கொண்டார். கதருக்கு மாறினார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1934 கடைசியில் காந்தி கிராமத் தொழில்களுக்காக ஓர் அகில இந்திய சங்கம் தொடங்கினார். அதன் செயலாளராக வார்தாவில் இருந்து நடத்தியவர் குமரப்பா. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் என்று ஒவ்வொன்றையும் கணக்கோடு செய்து பார்த்தார். மில் அரிசியில் தவிட்டோடு சத்தும் போகுது, நெல் குத்துகிற பெண்களின் கூலியும் போகுது என்று எடுத்துச் சொன்னார்.

அவருடைய முக்கியமான கருத்து வாங்குகிறவரைப் பற்றியது. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கினால் திருட்டுக்கு நாமும் துணை போகிறோம். அதுபோல, ஒரு பொருளுக்குக் காசு கொடுத்தால் அது உண்டாகிற விதத்திலும் நமக்குப் பங்கு உண்டு என்றார். ஒரு கப் கோகோவை உதாரணம் காட்டுவார். அந்தக் கோகோவை ஆப்பிரிக்காவில் யாரோ கட்டாய வேலையில் விளைவித்திருப்பார்கள். குடிக்கிற நமக்கு அது தெரியாது. உலகம் முழுக்கப் போய் விசாரிக்க முடியாதே. அதனால், போய்க் கேட்கிற தூரத்தில் விளைவதை வாங்குங்கள் என்றார்.

1942 போராட்டத்தில் சிறைக்குப் போனார். ஜபல்பூர் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை எழுதினார். குரங்கு தோட்டத்தில் பழத்தைத் தின்றுவிட்டுப் போகும், ஒன்றும் கொடுக்காது. தேனீ தேனை எடுத்தாலும் மகரந்தச் சேர்க்கை செய்து காய்ப்புக்கு உதவும். மனிதர் எந்த வழியில் போகவேண்டும் என்பதுதான் அந்த நூலின் பேச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு ரசாயன உரம் வேண்டாம், சாணமும் மக்கு உரமும் மண்ணைக் காக்கும் என்று வாதாடினார். அது எடுபடவில்லை. 1950-களில் உடம்பு தளர்ந்த நிலையில் டி.கல்லுப்பட்டிக்கு வந்தார். அவர் குடிசையில் ஏழைக் கிராமத்தான் ஒருவரின் படம் இருந்தது. காந்தி தன் எஜமானர், இவர் அந்த எஜமானருக்கும் எஜமானர் என்று வருகிறவர்களிடம் சொல்வார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளன்றே இறந்தார்.

அவருக்குப் பிறகு வயலில் பூச்சிமருந்து பெருகியது. காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. அங்கே அவதிப்பட்டவர்கள் தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்த ஜனங்கள். முந்திரி வாங்கித் தின்றவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். குமரப்பா சொன்ன கோகோ கதையும் இதுதான். காயில் ஒட்டியிருக்கிற மருந்து நம்ம வயிற்றுக்குக் கொஞ்சம் வருகிறது என்றால், தெளிக்கிறவருக்கும் களை எடுக்கப் போகிற பெண்ணுக்கும் அதைவிட நிறையப் போகிறது.

சரி, கையில் இருக்கிற காசுக்கு என்ன செய்யலாம்? எல்லாமே இயற்கையில் வாங்க நம்மால் முடியாது. தோலோடும் இலையோடும் சாப்பிடுவதற்கு முதலிடம் கொடுக்கலாம். கீரை, கறிவேப்பிலை, மல்லி, கத்தரி, வெண்டை, மிளகாய், திராட்சை இவையெல்லாம் அந்த வகை. தேங்காய், வாழைப்பழம், பூசணி, வெங்காயம் மாதிரி மேலே உரித்துப்போடுகிறவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்க அவசரமில்லை. எதுவானாலும் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவணும். மேலே ஒட்டியதில் ஒரு பகுதி போகும், செடி உறிஞ்சி உள்ளே இறங்கினது போகாது. மருந்துக்குப் பயந்து பிள்ளைகளுக்குக் காயைக் குறைக்கக் கூடாது. காய் சாப்பிடாமல் இருப்பது அதைவிடக் கெடுதல்.

அடுத்தது, கேட்பது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-இல் திறந்தது நம்ம பக்கத்து அண்ணாநகரில்தான். விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். என்ன மருந்து அடிச்சீங்க, அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிச்சீங்க என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் பறிக்குமுன் காத்திருக்க வேண்டிய நாள் கணக்கு உண்டு. டப்பாவில் சிவப்பு அடையாளம் இருந்தால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். மருந்தடிக்கிற வயலுக்கு வேலைக்குப் போகிற நம் உறுப்பினர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்கணும்.

இயற்கை என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. பாக்கெட்டில் இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். பி.ஜி.எஸ். இந்தியா என்ற முறையில் பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் சோதித்து உறுதி சொல்கிறார்கள். கடன் கொடுக்கும்போது ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கிற நமக்கு இது புதுசு இல்லை. தெரிந்த விவசாயி ஒருவரிடம் நாலைந்து வீடு சேர்ந்து வாரா வாரம் கீரையும் கத்தரியும் எடுத்தால், அவருக்கும் விற்பனை நிச்சயம், விலையும் பேசிக்கொள்ளலாம். எந்தக் குழு எந்த ஊர் விவசாயியிடம் கேட்கலாம் என்பதை அடுத்த கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்வோம்.